தடக்காமல் வந்த கள்ளன்

எங்கள் வீட்டு வேலியில் ஒரு பொட்டு இருக்கிறது. பக்கத்து வளவு ஆடு அதற்குள்ளால் தினமும் வந்து, செவ்வரத்தையைக் கடித்துவிட்டு ஆறுதலாகத் திரும்பிப் போகும். அதே நேரத்தில் நான் உள்ளறையில் கதிரையைப் போட்டுக்கொண்டு, வாழ்க்கையில் ஒருநாளும் காணாத ஒரு குளிர்நாட்டுக் கம்பனியின் கணினிகளுக்குள் கள்ளர் புகாமல் காவல் காத்துக்கொண்டிருப்பேன். உலகத்துக்கெல்லாம் காவல், ஆட்டைக் கலைக்க ஆளில்லை என்பது என் மனைவியின் நிரந்தர விமர்சனம். ஆடு பகிரங்கமாக வருகிறது, நான் படித்தது ஒளித்து வருகிறவர்களைப் பற்றி மட்டும் என்று ஒருமுறை விளக்கம் சொல்லிப் பார்த்தேன். அன்று மத்தியானம் சோற்றோடு ஒரு கறிதான் வந்தது.

கொழும்பிலுள்ள ஒரு நிறுவனத்துக்காக, யாழ்ப்பாணத்துத் தீவுக் கிராமமான கரம்பொன்னில் இருந்தபடி செய்கிற உத்தியோகம் இது. ஊரில் அதை விளங்கிக்கொண்டவர்கள் யாரும் இல்லை. சில நாட்களில் நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிடுவேன். பெரும்பாலானோருக்கு நான் ‘பிறின்ரர் திருத்துற தம்பி’. அம்மா மட்டும் கோயிலில் கேட்பவர்களுக்கு, மகன் கொம்பியூட்டருக்குள் கள்ளன் பிடிக்கிறான் என்று சொல்லி வைத்திருந்தார். கேட்டவர்கள், எத்தனை பேரைப் பிடித்தவன் என்று திருப்பிக் கேட்டதால் பிறகு அதை நிறுத்திக்கொண்டார்.

உண்மையில் பிடிப்பது குறைவுதான். முந்திய காலத்துக் கள்ளன் பூட்டை உடைப்பான், ஓட்டைப் பிரிப்பான், ஏதாவது சத்தம் போடுவான். இப்போது வருகிறவன் கையில் ஒன்றும் கொண்டுவருவதில்லை. வீட்டுக்காரரின் திறப்பாலேயே கதவைத் திறந்து, வீட்டுக்காரரின் சாரத்தைக் கட்டிக்கொண்டு, குசினியில் உள்ள கத்தியையே எடுத்துப் புழங்குவான். நாயைத் தடவிக்கொடுக்கவும் பழகியிருப்பான். பூட்டையும் ஓட்டையும் பார்த்துக்கொண்டிருக்கும் காவல்காரனுக்கு எல்லாம் நல்லபடியாகவே தெரியும். இதை நான் கூட்டங்களில் பேசியிருக்கிறேன், படம் கீறிக் காட்டியிருக்கிறேன், கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். அப்படி ஒருவன் எங்கள் ஊருக்கு வருவான் என்று மட்டும் நினைக்கவில்லை. இங்கே வருவதற்கு பஸ்ஸே ஒழுங்காக இல்லை.

எங்கள் ஊரில் ஒரு சிறிய சிகிச்சை நிலையம் இருக்கிறது. அரசாங்கத்தினது அல்ல, வெளிநாடுகளில் உள்ள தீவு ஆட்கள் சேர்ந்து நடத்துவது. சீனி வருத்தம், பிறஷர், நெஞ்சு வருத்தம் என்று நயினாதீவிலிருந்தும் நெடுந்தீவிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். குறிகட்டுவானில் வள்ளத்தால் இறங்கி, பஸ் பிடித்து, களைத்து வந்து சேருவார்கள். வைத்தியர் யாழ்ப்பாணத்திலிருந்து குறித்த நாட்களில் வருவார். மற்ற எல்லாவற்றையும் அக்கா பார்த்தார்.

அக்கா என்றால் எனக்குச் சொந்த அக்கா இல்லை. அங்கே நோயாளர் விபரம் பதிகிறவர். அந்தச் சம்பளத்தில்தான் அவரும் தாயும் இருந்தார்கள். ஆனால் அந்தக் கதிரை அவருக்குச் சம்பளம் மட்டும் அல்ல. வருகிறவர்கள் வைத்தியரிடம் சொல்லக் கூச்சப்படுவதையும் அவரிடம் சொல்லுவார்கள். மருமகளுக்குத் தெரியக்கூடாத வருத்தம், மகனுக்குச் சொல்லாத கட்டி எல்லாம் அவர் காதுக்குள் போய், அவர் விரல்களால் கணினிக்குள் போகும். வெளியில் ஒரு சொல் வராது. அவரிடம் ஊர்ப் புதினம் பிடுங்கப் பார்த்து நானே பலமுறை தோற்றிருக்கிறேன்.

நிலையத்தின் தலைவரை எல்லோரும் முதலாளி என்பார்கள். தெற்கே காலி நகரில் பெரிய கடை வைத்திருந்தவர். கடை போய் நெடுங்காலமாகியும் பட்டம் போகவில்லை. பொருளாளர் கனடாவில் இருப்பவர், ஆகவே கனடா அண்ணை. இவர்களுக்குக் கீழே சம்பளம் இல்லாத கணினிக் காவல்காரனாக நான்.

பொறுப்பெடுத்ததும் ஒரு எச்சரிக்கை மணி வைத்தேன். வெளிநாட்டிலிருந்து யாராவது எங்கள் பதிவுகளுக்குள் நுழைந்தால் என் தொலைபேசி அடிக்கும். காவல் வேலை படிப்பவனுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. அந்தப் பாடத்தை எழுதியவர் தீவான் அல்ல என்பது பிறகுதான் விளங்கியது. எங்கள் சபையில் பாதிப் பேர் கனடாவிலும் லண்டனிலும் பாரிஸிலும். ஒருவர் பனிக்குள் பஸ்ஸுக்கு நிற்கும்போது திறந்து பார்ப்பார். இன்னொருவர் கடையில் சனம் இல்லாத நேரம் பார்த்துத் திறப்பார். மணி ஓயாமல் அடித்தது. ஒரு செத்த வீட்டில், ஐயர் கிரியை செய்துகொண்டிருக்கும்போது என் சட்டைப்பையிலிருந்து அது அடித்ததை இன்றும் அந்தக் குடும்பம் மறக்கவில்லை.

கடைசியில் கனடா அண்ணை தொலைபேசியில் கோல் எடுத்தார். “எங்கட ஆக்களையே கள்ளர் எண்டு சொல்லுதோ தம்பி, உம்மட மெசின்?” என்று கேட்டார். சபை கூடி மணியை நிறுத்தச் சொன்னது. நிறுத்தினேன். வெளிநாட்டிலிருந்து யாரும் வராத வீடு என்று ஒன்று தீவில் இருந்தால்தானே அந்த மணிக்கு வேலை.

பிறகு அந்தக் கோல்கள் வந்தன.

முதலில் நோர்வேயில் இருக்கும் ஒரு மகளுக்கு. மரியாதையான குரல், சுத்தமான தமிழ். சிகிச்சை நிலையத்திலிருந்து பேசுகிறோம், நெடுந்தீவில் உங்கள் அம்மாவுக்கு நெஞ்சு வருத்தம் கூடிவிட்டது, உடனே கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டும் என்றது. அம்மா குடிக்கும் குளிசையின் பேர், போன முறை வைத்தியர் அதைக் கூட்டினது, இடதுகாலில் வீக்கம் என்று எல்லாமே சரியாகச் சொல்லியிருக்கிறது. மகள் அழுதபடியே காசை அனுப்பிவிட்டாள். அந்த நேரம் தாய் வளவில் பனங்கிழங்கு கிண்டிக்கொண்டிருந்தாராம். பிறகு மகளுடைய கோல் வந்தபோதுதான் அவருக்கு உண்மையாகவே நெஞ்சு இடித்தது.

அதன் பிறகு லண்டனில் ஒருவர், பாரிஸில் ஒருவர். எல்லோரும் எங்கள் நோயாளரின் பிள்ளைகள். சொல்லப்பட்டது எல்லாம் எங்கள் பதிவில் உள்ளவை. சில விஷயங்கள் அந்தப் பிள்ளைகளுக்கே தெரியாதவை. ஒரு தாய் தன் மகனுக்கு ஒளித்து வைத்திருந்த வருத்தம், யாரென்றே தெரியாத ஒருவனின் வாயால் அவன் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தத் தாய் அதற்குப் பிறகு எங்கள் பக்கமே வரவில்லை.

சபை அவசரமாகக் கூடியது. முதலாளி நல்ல மனிதர்தான். ஆனால் அவருடைய அறிவு கடையில் விளைந்தது. காசு குறைந்தால் றோட்டால் போகிறவனைப் பிடிப்பதில்லை, காசு வைக்கிற லாச்சிக்குக் கிட்ட இருக்கிறவனைத்தான் முதலில் பார்ப்பது என்றார். லாச்சிக்குக் கிட்ட இருந்தது அக்கா.

என்னைப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன். பதிவுகளுக்குள் யார் எப்போது நுழைந்து எந்தப் பக்கத்தைத் திறந்தார் என்பதெல்லாம் தானாகவே குறிக்கப்படும். கோல் வந்த குடும்பங்களின் பக்கங்கள் அத்தனையும் அக்காவின் பேரில் திறக்கப்பட்டிருந்தன. வேலை நேரத்தில், இந்த மாகாணத்துக்குள் இருந்து, அவர் வழக்கமாகத் திறக்கும் ஒழுங்கில், மனிதர் வாசிக்கிற வேகத்தில். புதிதாக எந்த மென்பொருளும் இறங்கவில்லை. எந்தப் பூட்டும் உடைபடவில்லை. காவலுக்கு வைத்திருந்த மென்பொருள், ‘வழமைக்கு மாறாக எதுவும் இல்லை’ என்று பச்சை எழுத்தில் காட்டியது.

அந்த வசனத்தை நான் கூட்டத்தில் வாசித்தேன். வாசித்து முடிந்து நிமிர்ந்தபோது முதலாளியின் முகத்தைப் பார்த்துத்தான், நான் அக்காவுக்கு எதிராகச் சாட்சி சொல்லி முடித்திருக்கிறேன் என்று விளங்கியது. அவசரமாகத் திருத்தப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை என்பதற்கு, யாரும் வரவில்லை என்று மட்டும் அர்த்தம் இல்லை, மிகவும் கெட்டிக்காரன் ஒருவன் வந்திருக்கிறான் என்றும் இருக்கலாம் என்றேன்.

“தடயம் இல்லாததுதான் தடயமோ தம்பி? இது பகிடி விடுற நேரமில்லை,” என்று திரைக்குள் இருந்து கனடா அண்ணை சொன்னார்.

பகிடிக்காரன் என்று பேர் எடுத்தவன் படும் பாடு இது. கலியாண வீட்டில் எல்லோரும் என்னை மேசைக்குக் கூப்பிடுவார்கள். ஒரு காரியம் என்று வந்தால் என் பேச்சை இலையோடு சுருட்டி எறிந்துவிடுவார்கள். நானும் எழுந்து நின்று மேசையில் அடித்துப் பேசவில்லை. என்னிடம் ஒரு ஊகம் மட்டும்தான் இருந்தது. அவர்களிடம் பச்சை எழுத்தில் ஒரு வசனம் இருந்தது, அதுவும் நான் கொடுத்தது.

அன்றே அக்காவை வீட்டில் நிற்கச் சொன்னார்கள். அதோடு விடவில்லை. வெளிநாட்டு ஆட்களுக்கெல்லாம் பொதுவான வட்ஸ்அப் குழு ஒன்று உண்டு. அதில் கனடா அண்ணை, அக்காவின் பேரைப் போட்டு, விசாரணை முடியும்வரை அவர் நிறுத்தப்பட்டிருக்கிறார் என்று எழுதினார். உலகத்தின் எந்த மூலையில் இருக்கும் தீவானுக்கும் அது போய்ச் சேர்ந்தது. குழுவில் இல்லாத ஒரே ஆள் அக்காதான்.

பின்னேரம் அவருடைய வீட்டுக்குப் போனேன். தாய் குசினிக்குள் ஏதோ பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாக வைத்தார். அக்கா வாசலில் நின்றபடியே பேசினார்.

“தம்பி, நீர் பாத்தனீர்தானே. நான் எடுத்தனான் எண்டு அதில கிடக்கோ?”

“உங்கட பேர் கிடக்கு அக்கா.”

“பேர் கிடந்தால் நானோ?”

எத்தனையோ கூட்டங்களில் படம் கீறி விளக்கிய எனக்கு இந்தக் கேள்வி காதில் விழ ஒரு படலை வாசல் தேவைப்பட்டிருக்கிறது. ஏதாவது பகிடி சொல்லிச் சமாளிப்பது என் வழக்கம்.  அன்று சொல்லியிருந்தால் அந்தத் தாய் பாத்திரத்தோடு வெளியில் வந்திருப்பார்.

நிலையத்தை மூட முடியாது. வைத்தியர் வருகிற நாளில் பதிவதற்கு ஆள் வேண்டும். முதலாளி என்னைப் பார்த்தார். கணினி தெரிந்தவன் இவன்தானே, இவனே இருக்கட்டும் என்றார். நான் குளிர்நாட்டுக் கம்பனியிடம் லீவு எடுத்துக்கொண்டு அக்காவின் கதிரையில் போய் அமர்ந்தேன்.

அது சோளகக் காற்றுக் காலம். நிலையத்துக்கு இணையம் வருவது ஒரு சின்னக் கருவியால். அதைச் சட்டைக் கொழுவியில் கட்டி யன்னல் கம்பியில் தொங்கவிட்டிருந்தார் அக்கா. காற்று ஒரு தட்டுத் தட்டினால் கொழுவி திரும்பும், சிக்னல் போய்விடும். எழுந்து போய்த் திருப்பிவிட்டு வந்து, பக்கத்தை மறுபடி திறக்க வேண்டும். பாதி வந்து நின்றுவிடும். திரும்பவும் திறக்க வேண்டும். முதலாவது நோயாளியின் விபரம் திரைக்கு வருவதற்குள் எனக்கே பிறஷர் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

வரிசை வாசல் தாண்டிப் போய்விட்டது. நயினாதீவிலிருந்து வந்திருந்த ஒரு வயதான அம்மா, குடையைத் தரையில் ஊன்றியபடி என் முன்னால் நின்றார்.

“அந்தப் பிள்ளை எண்டால் நாங்கள் வாசல்ல வரேக்கையே எல்லாம் எடுத்து வைச்சிடும். நீர் என்ன தம்பி, டீவி பாக்கிறீரோ?”

“இது லைன் விட்டு விட்டு வருது அம்மா.”

“அவவுக்கும் உந்த லைன்தானே.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழி இல்லை. வள்ளத்துக்கு நேரமாகிறது என்று அவர்கள் அவசரப்பட, நான் ஒரே பக்கத்தை இரண்டு தரம் மூன்று தரம் திறந்து, மூடி, தவறான ஆளைத் திறந்து, மன்னிப்புக் கேட்டு, ஒருவாறு அந்த நாளைக் கடத்தினேன். யாரும் என்னிடம் வருத்தத்தைச் சொல்லவில்லை. பேரையும் ஊரையும் தந்துவிட்டு, மிச்சத்தை வைத்தியரிடம் சொல்வதாகப் போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும், பதிவில் என்ன குளறுபடி செய்து வைத்திருக்கிறேன் என்று பார்க்கத் திறந்தேன். கேவலமாக இருந்தது. ஒவ்வொரு நோயாளியின் பக்கமும் இரண்டு மூன்று முறை. இணைப்பு அறுந்து, திரும்ப ஒட்டி, மறுபடி அறுந்து. கள்ளு வெறியில் வீட்டுக்குப் போகிறவனின் கால்தடம் மாதிரி. மனைவி எட்டிப் பார்த்து, இவ்வளவுக்கும் படிக்கத்தான் கொழும்புக்குப் போனனீங்களோ என்று கேட்டார்.

அதற்கு மறுமொழி சொல்ல வாய் திறந்தவன் அப்படியே நின்றேன். என் தடம் இப்படி என்றால் அக்காவின் தடம் எப்படி இருக்கும்?

தேடி எடுத்தேன். அவருடையதும் இடறி, தடக்கித் தடக்கித்தான் இருந்தது. என்னைவிடக் கெட்டிக்காரத்தனமான தடக்கல், ஆனால் தடக்கல்தான். காற்றுக் காலத்தில் அதிகம், மாரியில் குறைவு, ஆனால் முழுதாக ஒரு நாள் தடக்காமல் போனதே இல்லை. பிறகு கோல் வந்த குடும்பங்களின் பக்கங்களைப் பார்த்தேன். ஒருமுறை திறந்தது, வாசித்தது, மூடியது. அடுத்தது. ஒருமுறை திறந்தது, மூடியது. சோளகம் கூரையைப் பிடுங்கிய நாளிலும் அப்படியே. கண்ணாடி மேல் எண்ணெய் வழிகிற மாதிரி ஒரு வழுவழுப்பு.

அந்தக் கதிரையில் இருந்து யாராலும் அப்படி வேலை செய்ய ஏலாது. அக்காவின் பேரில் இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். ஒருவருக்குக் காற்று அடித்தது, மற்றவனுக்கு அடிக்கவில்லை. நகரத்தில் யாரோ ஒரு அப்பாவியின் வீட்டு இணையப் பெட்டியைப் பிடித்து, அதற்குள்ளால் வந்து, இந்த மாகாணத்து ஆள் மாதிரி நின்றிருக்கிறான்.

கண்டுபிடித்தவனுக்குச் சந்தோசம் வரவேண்டும். எனக்கு வரவில்லை. ஏனென்றால் அந்த வழுவழுப்பான தடமும் நயினாதீவு ஆட்களின் பக்கங்களைத்தான் முதலில் திறந்திருந்தது. அது அக்காவின் பழக்கம். அவர்களுக்குத் திரும்பிப் போக வள்ளம் இருப்பதால் முதலில் எடுப்பார். அவனுக்கு வள்ளம் இல்லை. அவர் எப்படி வேலை செய்கிறார் என்று இருந்து பார்த்துப் பழகியிருக்கிறான். அவர் தேநீருக்கு எழும்புகிற நேரம் அவனும் ஓய்ந்திருக்கிறான். எவ்வளவு காலம் பக்கத்தில் இருந்தானோ. நான் சும்மா ஒருக்கால் பார்ப்போம் என்று உள்ளே போன நாட்களிலும் இருந்திருப்பான். என்னைப் பார்த்துச் சிரித்தும் இருப்பான். ஊரே சிரிக்கும்போது அவனை மட்டும் குறை சொல்ல முடியாது.

அடுத்த நாள் காலை முதலாளி வீட்டு விறாந்தையில் கணினியைத் திறந்து வைத்து எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். இணைப்பு, முகவரி என்று தொடங்கியதும் அவர் கண் வேலிப் பக்கம் போனது. ஆகவே அதை விட்டுவிட்டு, அக்கா ஒவ்வொன்றையும் இரண்டு தரம் திறக்கிறா, இவன் ஒரு தரம்தான் திறக்கிறான், சிக்கலே படவில்லை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“காலியில எல்லாரும் என்னோட சண்டை பிடிச்சுத்தான் சாமான் வாங்கிறவை,” என்றார். “ஒருத்தன் மட்டும் ஒரு நாளும் விலை கேட்கேல்லை. எவ்வளவு நல்ல மனுசன் எண்டு நினைச்சனான். கடைசியில அவன்தான் என்ர காசை அடிச்சுக்கொண்டு போனவன்.” கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, “சரி, திறப்பு அவனுக்கு எப்பிடிப் போனது?” என்றார்.

அதற்கு விடை அக்காவிடம் இருந்தது, போய்க் கேட்டேன். அவர் சொல்லத் தயங்கினார். தன்னுடைய கடவுச்சொல்லைத் தான் யாருக்கும் கொடுக்கவில்லை, கனடா அண்ணைக்கு மட்டும்தான் என்றார். யாருக்கும் என்ற கணக்கில் அவரைச் சேர்ப்பதே பிழை என்பது போல.

எங்கள் ஆட்களை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். கடவுச்சொல் என்பது இங்கே சீனி இரவல் வாங்குகிற மாதிரி. கேட்டால் கொடுக்க வேண்டும். தரமாட்டேன் என்றால், என்னை நம்பேல்லையோ என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பிறகு இரண்டு குடும்பமும் கலியாணத்துக்குப் போய்வராது. அதுவும் மருந்து வைக்கும் குளிர்ப்பெட்டியை வாங்கிக் கொடுத்த மனிதர், கனடாவிலிருந்து, பிள்ளை ஒருக்கா அதைச் சொல்லும் என்று கேட்டால் எந்த வாயால் முடியாது என்பது?

அன்று பின்னேரம், அவருக்கு விடிந்த பிறகு, முதலாளியும் நானும் கனடா அண்ணைக்கு வீடியோக் கோல் எடுத்தோம். அக்காவின் கடவுச்சொல் உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டேன். கனடா அண்ணையின் முகம் அசையாமல் நின்றது.

“லைன் கிளியர் இல்லை தம்பி,” என்றார்.

“லைன் நல்லாத்தான் கிடக்கு,” என்றார் முதலாளி. “அவர் கேட்டதுக்குச் சொல்லும்.”

நன்றிக் கடிதம் எழுத நோயாளர் விபரம் தேவைப்பட்டதாம். ஒவ்வொரு முறையும் அக்காவைக் கரைச்சல் படுத்தாமல் தானே பார்த்துக்கொண்டாராம். வீட்டில் எல்லோரும் புழங்கும் கணினியிலேயே கடவுச்சொல்லைச் சேமித்தும் வைத்திருந்தார். அந்தக் கணினியைப் பரிசோதிக்கப் பண்ணினேன். சேமித்து வைத்த கடவுச்சொற்களை எல்லாம் பொறுக்கி யாருக்கோ அனுப்புகிற ஒன்று உள்ளே சத்தமில்லாமல் குடியிருந்தது. அக்காவின் பேர் கனடாவில் திறக்கப்படுவதை யாரும் கவனித்திருக்கவும் முடியாது; நானும் வேலை நேரத்துப் பதிவுகளை மட்டும்தான் பார்த்திருந்தேன். மணியைத்தான் நிறுத்திவிட்டோமே.

 முடிவைக் கேட்ட கனடா அண்ணை, நிலையத்தின் பேர் கெடாமல் இதைப் பார்த்து முடிக்க வேண்டும் என்றார். குழுவில் ஒரு அறிவித்தல் போட்டார்: ‘தொழில்நுட்பக் கோளாறு ஒன்றினால் ஏற்பட்ட பிரச்சினை சீர் செய்யப்பட்டுள்ளது. இதற்கு யாரும் பொறுப்பாளி அல்ல.’ கீழே பல பேர் கைகூப்பிய படம் போட்டார்கள்.

முதலாளியும் நானும் அக்கா வீட்டுக்குப் போனோம். மன்னிப்பு என்ற சொல்லை முதலாளி பழகியவர் அல்ல. பிளேன்ரீயைக் குடித்துவிட்டு, எல்லாம் சரி வந்திட்டுது பிள்ளை, நாளைக்கு வேலைக்கு வாரும் என்றார். அக்கா அந்த அறிவித்தலைக் காட்டச் சொன்னார். என் தொலைபேசியில் வாசித்தார். இரண்டாம் முறையும் வாசித்தார்.

“குற்றம் சொல்லேக்க பேரைப் போட்டுச் சொன்னவை. இல்லை எண்டு சொல்லேக்க மட்டும் பேர் இல்லை. நான் எந்த முகத்தோட அங்கை வந்து இருக்கிறது ஐயா?”

முதலாளி, அதைக் குழுவில் விபரமாகப் போட்டால் கனடாவில் இருப்பவருக்கு மரியாதைக் குறைவாகிவிடும் என்று மெல்லச் சொன்னார்.

“எனக்கு ஆனது?” என்றார் அக்கா. கத்தவில்லை. கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரவில்லை. நாங்கள் தாயிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினோம்; தாய் எங்களைப் போயிட்டு வாருங்கோ என்றுகூடச் சொல்லவில்லை.

இரண்டு மூன்று நாள் முதலாளி ஒன்றும் செய்யவில்லை. நானும் அவர் செய்வார் என்று பார்த்துக்கொண்டு, கதிரையில் இருந்து கொழுவியைத் திருப்பிக்கொண்டிருந்தேன். வருகிறவர்கள் குறையத் தொடங்கினார்கள். பிறகு ஒரு மத்தியானம் வீட்டில் இருந்து குழுவுக்கு ஒரு குரல்பதிவு போட்டேன். அக்காவின் பேரைச் சொன்னேன். கள்ளன் அவருடைய பேரில் வந்தவன், அவர் அல்ல என்றேன். திறப்பு எந்த வழியால் போனது என்றும் சொன்னேன். யாரையும் ஏசவில்லை, ஆனால் விடவுமில்லை. கம்பீரமாகப் பேச வேண்டும் என்று பலமுறை ஒலிப்பதிவு செய்தேன். ஒன்றில் ஆடு கத்தியது.  கடைசியாக அனுப்பியதன் முடிவில், “சோறு ஆறுது, கதைச்சது காணும்” என்று மனைவியின் குரல் தெளிவாக விழுந்திருந்தது. அப்படியே உலகமெல்லாம் போனது.

சோறு தின்று முடிவதற்குள் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

பின்னேரம் முதலாளி கோல் எடுத்தார். “நீர் குழுவில இல்லையாம்,” என்றார். ஓம் ஐயா என்றேன். “நானும் இல்லை. நீர் சொன்னது சரி எண்டு போட்டிட்டு வெளியில வந்திட்டன்.” பிறகு ஒரு இருமல். “எப்பிடி வெளியில வாறது எண்டு தெரியாமல் மருமகளைக் கேட்டுத்தான் வந்தனான்.” அதற்குப் பிறகு அவர் தனியே அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறார். என்ன பேசினார்கள் என்று இருவரும் சொல்லவில்லை.

வைத்தியர் வருகிற அடுத்த நாளில் அக்கா வந்து தன் கதிரையில் அமர்ந்தார். நான் அதற்குள் ஆளுக்கொரு திறப்பு, இரவல் இல்லை என்று எல்லாவற்றையும் மாற்றியிருந்தேன். கள்ளனைப் பற்றிப் பொலிஸில் கொடுத்த முறைப்பாடு விசாரிக்கப்படுவதாகச் சொன்னார்கள். அவன் யார், எந்த நாடு என்று இன்றுவரை தெரியாது. எனக்கு அன்று அங்கே வேலை எதுவும் இல்லை. யன்னல் கொழுவியைச் சரிபார்க்கிற சாட்டில் நின்றேன்.

நயினாதீவு அம்மா குடையோடு வந்தார். அக்காவைக் கண்டதும் முகம் மலர்ந்தது. வந்திட்டீரே பிள்ளை, இந்தத் தம்பியிட்ட நாங்கள் பட்ட பாடு என்று என்னைக் காட்டிச் சொன்னார். அக்கா சிரித்தார். பக்கத்தைத் திறந்தார், அறுந்தது, மறுபடி திறந்தார். நெஞ்சு நோ இப்ப எப்பிடி, அந்த மற்ற விஷயம் எப்பிடி என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

அம்மா குடையை மேசையில் சாத்தி வைத்தார். திரையைப் பார்த்தார்.

“டொக்டரிட்டையே சொல்லுறன் பிள்ளை. உம்மில பிழை ஒண்டுமில்லை. உந்தப் பெட்டிக்குள்ள ஆர் இருக்கினமோ.”

அக்காவின் விரல்கள் நின்றன. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “தம்பி, இப்ப ஆராவது இருக்கினமோ? அம்மாவுக்குச் சொல்லும்.”

வாங்குகளில் காத்திருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காலையில்தான் முழுவதையும் பார்த்திருந்தேன். தடங்கள் எல்லாம் தடக்கிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் குழுவில் எல்லோருக்கும் கேட்கும்படி அவன் எதில் பிடிபட்டான் என்று சொன்னவனும் நான்தான். தடக்கப் பழகுவது ஒரு கள்ளனுக்குப் பெரிய வேலையா?

“எனக்குத் தெரிஞ்சவரைக்கும் இல்லை அம்மா,” என்றேன்.

அம்மா குடையை எடுத்துக்கொண்டார்.

“உமக்குத் தெரியாமல் இருந்தால்?”

அக்கா கொஞ்ச நேரம் என் வாயைப் பார்த்தார். பிறகு திரையின் பக்கம் திரும்பி, பேரையும் ஊரையும் மட்டும் பதிந்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.